சனிக்கிழமை இருமல்

வில்பிரட் அங்கிளை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் என் கடைக்குக் காவலாக இருக்கும் கிழவர் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் கடை அவருடையது, வாடகைக்கு இருப்பவள்தான் நான். கண்டி டவுனில், கொழும்பு வீதியிலிருந்து பிரியும் சந்தில், முன்பாதியில் நான் போட்டோகொப்பி எடுக்கிறேன், போனுக்கு ரீலோட் போடுகிறேன், அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிறேன். பின்பாதியில் ஒரு கண்ணாடி அலுமாரியும் ஒரு கதிரையும், கதிரையில் வில்பிரட் அங்கிளும். எண்பதை நெருங்கும் மனுஷன் காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்துவிடுவார். அவரிடம் விற்பதற்கு ஒன்றும் கிடையாது. வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்டால், கடை என்றால் ஆள் இருக்க வேண்டும் மகள் என்பார். அப்படியானால் நான் யார் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

அந்த அலுமாரியில் இடது பக்கம் முழுக்கத் தூண்டில் சாமான். வெளிநாட்டு முள்ளு, தங்கூசி நூல் சுருள், ஈயக் குண்டு, தக்கை, பித்தளைச் சக்கரம். வலது பக்கம் இருமல் மருந்து. காலியான பாணிப் போத்தல், தைலச் சீசா, மூடியில் மலைப்படம் போட்ட தகர டின். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வந்த புதிதில் நானும் தலையைச் சொறிந்தேன். அவருடைய அப்பா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வெள்ளைக்காரத் துரைமார் டவுனுக்கு வந்தால் இரண்டே சாமானைத்தான் தேடுகிறார்கள், ஒன்று தூண்டில் முள்ளு, மற்றது குளிருக்கு இருமல் மருந்து என்று கண்டுகொண்டு இந்தக் கடையைப் போட்டாராம். வெயில் காலத்தில் மகாவலி தெளிந்து ஓடும், தூண்டில் விற்கும். மழை வந்தால் ஆறு கலங்கிவிடும், ஊர் இருமத் தொடங்கும். வானம் எப்படி இருந்தாலும் கல்லாவில் சத்தம் கேட்கும். துரைமார் போனார்கள். பிறகு வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றது. அங்கிளின் மனைவி டொரதி ஆன்ட்டி கடைக்குப் பின்னால் இருக்கும் குசினியில் அதிமதுரமும் திப்பிலியும் கற்கண்டும் போட்டுக் காய்ச்சி, இருமல் வில்லை உருட்டி, பழைய டின்களிலேயே அடைத்து விற்றிருக்கிறார். ஆன்ட்டியை எனக்குத் தெரியாது. நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆன்ட்டியின் சவர்க்காரம்தான். பின்பக்கம் ஒரு தண்ணீர்ப் பைப் இருக்கிறது, அதன் பக்கத்துச் சுவரில் ஒரு மாடம். அதில் எப்போதும் ஒரு சந்தனச் சவர்க்காரம் இருக்கும். கை கழுவுகிற இடத்துக்கு இவ்வளவு விலைச் சவர்க்காரம் எதுக்கு, எலிதான் கொறிக்கிறது என்று நான் கத்தாத மாதம் இல்லை. அங்கிள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கரைந்ததும் புதிது வாங்கி வைப்பார். டொரதி அதைத்தான் வைப்பாள் என்பதற்கு மேல் அவரிடம் காரணம் கிடையாது.

தூண்டில் வியாபாரத்தில் ஒரு சங்கடம் இருந்தது. இது புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை இருக்கிற ஊர். சந்தையில் மீன் வாங்கிச் சாப்பிடுவதில் யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் கையில் தூண்டிலோடு உயிர் எடுக்கப் போகிறவன் என்று பெயர் வாங்க நல்ல குடும்பத்து ஆட்களுக்கு வெட்கம். அதனால் பௌர்ணமிப் போயா தினத்தில் அங்கிள் அலுமாரியின் இடது பக்கத்தைப் படுக்கை விரிப்பால் மூடிவிடுவார், இருமல் பக்கம் மட்டும் திறந்திருக்கும். மற்ற நாட்களில் கூச்சக்கார வாடிக்கையாளருக்கு இன்னொரு ஏற்பாடு. முள்ளையும் ஈயத்தையும் பஞ்சில் சுற்றி, இருமல் டின்னுக்குள் வைத்து, விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டிக் கொடுத்துவிடுவார். பார்ப்பவர்களுக்கு அது மருந்து. இந்தப் பொய்யை ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கு முன்பும் மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவாராம். இனிச் செய்யாதே என்று சாமியார் சொல்ல, இது மற்றவர்களுடைய ரகசியம் சுவாமி, நான் எப்படி விடுவது என்று இவர் கேட்க, வருஷா வருஷம் அதே பேச்சு.

அப்படி டின் வாங்கியவர்களில் கடைசி வரைக்கும் வந்தவர் குணதிலக மாத்தயா, நம் பேச்சில் ஐயா. பெரிய பாடசாலையில் அதிபராக இருந்தவர். ஞாயிறு தோறும் தன் ஊர் விகாரையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சீலம் சொல்லிக் கொடுத்தவர். சீலத்தில் முதலாவதே உயிரைக் கொல்லக்கூடாது என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தார், சனிக்கிழமை ஆற்றுக்குப் போனார். எனக்கு இருமல், டொக்டர் வாவியைச் சுற்றி நடக்கச் சொல்லியிருக்கிறார், அப்படியே மருந்தும் வாங்கி வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வருவார். அவருடைய தூண்டில் தடி இந்தக் கடையிலேதான் கிடந்தது. ஆற்றில் கெட்டம்பைக்குக் கீழே போய்ப் பிடிப்பார், பிடித்ததை டொரதி ஆன்ட்டியிடம் கொடுப்பார். பின்பக்கத்துப் பைப்பில் மீன் வாடை போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, மூவரும் சேர்ந்து பொரித்த மீனோடு சோறு சாப்பிடுவார்கள். பாவம் எனக்கு, பொரியல் உங்களுக்கு என்று சொல்லிச் சிரிப்பாராம். பொரியலில் பாதி அவர்தான் தின்றார் என்று அங்கிள் சொல்வார்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட ஒரு டின் வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு டின். தேவைக்கு மேல் முள்ளு வாங்குவது தூண்டில்காரர்களுக்கு உள்ள வியாதி, அது அவருக்கும் இருந்தது. வீட்டில் சேரச் சேர அங்கிளுக்குப் பயம் பிடித்திருக்கிறது. ஒன்றிரண்டு டின்னிலாவது உண்மையான வில்லை போட்டுத் தரட்டுமா என்று கேட்டாராம். திறந்து பார்க்கிற அளவுக்கு என் மனைவிக்கு என்மேல் சந்தேகம் கிடையாது என்று மாத்தயா பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

டொரதி ஆன்ட்டி போன பிறகும் அவர் வருவார். ஆற்றுக்குப் போகும் வயது தாண்டிவிட்டது. இரண்டு கிழவர்களும் அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்து மீன் கதை பேசுவார்கள். இந்த வருஷம் தை மாதம் அவர் பேராதனை ஆஸ்பத்திரியில் காலமானார். மரண வீட்டில் அங்கிள் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

சித்திரையில் ஒரு நாள் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மா கடைக்குள் வந்தார். நிமிர்ந்த நடை. போட்டோகொப்பிக்கு நின்ற பையன்கள் தானாக விலகினார்கள். குணதிலக நோனா என்று அங்கிள் எழுந்து நின்றபோதுதான் மாத்தயாவின் மனைவி என்று எனக்கு விளங்கியது. இத்தனை வருஷத்தில் அவர் இந்தக் கடைக்கு வருவது அதுதான் முதல் தடவை. பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன். மாத்தயா பேரில் விகாரையில் பிக்குமாருக்குச் சோறு கொடுக்கும் மூன்று மாதத் தானம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, முதலாளியும் வர வேண்டும் என்றார். தானம் முடிந்து பிக்குமாருக்குப் பொருள் கொடுக்கும்போது மருந்தும் கொடுப்பது வழக்கம், மாத்தயாவின் அலுமாரியில் உங்கள் இருமல் மருந்து டின் டின்னாக இருக்கிறது, உடைக்காமலே இருக்கிறது, அதைத்தான் கொடுக்கப்போகிறேன் என்றும் சொன்னார். அங்கிள் தலையாட்டினார். நோனா போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் என்னிடம் டின் கதை முழுவதையும் சொன்னார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இருமுகிற ஒரு பிக்கு டின்னுக்குள் விரலை விட்டால் விரலில் முள்ளு ஏறும். அதைவிட, முழு ஊருக்கும் முன்னால், விகாரையில் வைத்து, சீலம் சொல்லிக்கொடுத்த மனுஷனின் காணிக்கையில் இருந்து தூண்டில் கொட்டும். நோனா அங்கேயே கூசிச் செத்துவிடுவார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் அங்கிள் என்றேன். செத்த சிநேகிதனை எப்படி மகள் காட்டிக்கொடுக்கிறது என்றார்.

அவருடைய யோசனை, நல்ல வில்லை செய்து, மிச்சமிருக்கும் காலி டின்களில் போட்டு, பழையது கெட்டுவிட்டது இதைக் கொடுங்கள் என்று மாற்றிவிடுவது. அதிமதுரமும் திப்பிலியும் வாங்கி வந்தோம். ஆன்ட்டி செய்வதை இவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறார், ஒரு நாளாவது கிண்டியதில்லை. முதல் சட்டி கரிந்தது. இரண்டாவது சட்டி தார் மாதிரி இழுத்தது, என் கரண்டி போனது போனதுதான். ஆன்ட்டி கடைசியில் எதையோ போடுவார் என்று மட்டும் ஞாபகம் இருந்தது, எது என்று ஞாபகம் வரவில்லை. அதற்காக மனுஷன் அடுப்படியில் நின்று அழுதார். நான் சீனி கொஞ்சம் கூடப் போட்டு ஒருவழியாக உருட்டி, மாவில் பிரட்டி அடைத்தேன். தின்றால் சாக மாட்டார்கள், அவ்வளவுதான் உத்தரவாதம்.

தானத்துக்கு முன்தினம் சனிக்கிழமை, என் ஸ்கூட்டியில் அவரை ஏற்றிக்கொண்டு ஹந்தானைப் பக்கம் நோனாவின் வீட்டுக்குப் போனேன். டின் பையை மடியில் வைத்துக்கொண்டு, மேடு வரும் இடமெல்லாம் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். என் ஓட்டத்துக்கா நோனாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

வீட்டு ஹோலில் நாளைய சாமானெல்லாம் மேசையில் அடுக்கியிருந்தது. ஒரு பக்கத்தில் அந்த டின்கள், மஞ்சள் ரிப்பனில் கட்டுக்கட்டாக. அங்கிள் தான் பாடம் பண்ணியதைச் சொன்னார். பழைய மருந்து, காற்றுப் போயிருக்கும், புதிது கொண்டுவந்திருக்கிறேன், அதை நான் எடுத்துப் போகிறேன். நோனா எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தார்.

"முதலாளி, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். அவரைக் காப்பாத்துறதுக்குன்னு பொய் சொல்லாதீங்க. இந்த வீட்டுல அவர் ஒரு நாள்கூட இருமி நான் கேட்டதில்ல. இருமாத மனுஷன் எதுக்கு மருந்து வாங்கினார்?"

நோனா சத்தத்தைக் கூட்டவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சோறு இறங்காது என்றார். தன் வீட்டில் ஆரம்பத்திலிருந்தே வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம்தான், ஆனால் சனிக்கிழமைகளில் அவர்மேல் சந்தன வாசம் வரும் என்றார். வேறொரு வீட்டில் குளித்து, வேறொருத்தி கையால் சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று தெரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகக் கேட்காமல் இருந்தார், பிறகு கேட்காமல் இருப்பதே பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் மாத்தயா தானாகவே, சனிக்கிழமை விஷயம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாராம். எல்லாம் எனக்குத் தெரியும், பேசாமல் படுங்கள் என்று நோனா சொல்லியிருக்கிறார். கோபமில்லையா என்று கேட்டாராம். இல்லை என்றதும் சிரித்தாராம்.

"சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிச்சார். எல்லாத்தையும் பொறுத்தேன் முதலாளி, அந்தச் சிரிப்பை என்னால மன்னிக்க முடியல. செத்த வீட்டுலயும் எனக்கு அழுகை வரல. இந்த டின்னெல்லாம் என் கண்ணுல படக்கூடாது, அதான் விகாரைக்குக் குடுக்கிறேன். அந்தப் பொம்பளை யாருன்னு மட்டும் சொல்லுங்க. சண்டைக்கு இல்ல. நாளைக்கு அவளையும் கூப்பிடணும். அவளும் அவருக்குச் சோறு போட்டவதானே."

அங்கிள் கையில் இருந்த பை கீழே விழுந்தது. எதற்கும் தயாராக வந்தவர் இதற்குத் தயாராக வரவில்லை. மாத்தயாவின் பெயரை மூடி வைத்ததாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த மூடிக்குக் கீழே இந்த அம்மா உட்கார்ந்திருந்தது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மேசையிலிருந்து ஒரு டின்னை எடுத்தார். பிளாஸ்டர் காய்ந்து ஒட்டியிருந்தது, நான்தான் உரித்துக் கொடுத்தேன். பஞ்சை விரித்துப் பத்திரிகைத் தாளில் கொட்டினார். முள்ளுகள் இன்னும் பளபளத்தன.

"தூண்டில் நோனா. எல்லா டின்னும் இதுதான். மாத்தயா சனிக்கிழமையில மீன் பிடிக்கப் போனார். வேற எங்கேயும் போகல. எங்க கடைப் பைப்புல கை கழுவினார், எங்களோட சாப்பிட்டார். அந்தச் சவர்க்காரம் என் பெண்சாதியோடது."

நோனா ஒரு முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மீனா என்று கேட்டார். ஆமாம் என்றார் அங்கிள். மீன் மட்டுமா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றார். முள்ளைத் திரும்பத் தாளில் வைத்தார். கடைசியில், புதிய டின்களை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போங்கள் என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். தேத்தண்ணிகூடத் தரவில்லை.

திரும்பி வரும்போது அங்கிள் மாதாவைக் கூப்பிடவில்லை. நம்பவில்லை மகள், நானும் சேர்ந்து கதை கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார் என்றார். மறுநாள் தானத்துக்குப் போனார். என் சீனி வில்லைகளைப் பிக்குமார் பக்தியோடு வாங்கிக்கொண்டார்கள், விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாத்தயாவின் பெயருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நோனா இவர் பக்கம் திரும்பவே இல்லையாம். மனுஷன் அந்த வாரம் முழுக்க அலுமாரியைப் பார்த்தபடியே இருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மாத்தயாமேல் ஆத்திரம், அவருக்கு டின் அடைத்துக் கொடுத்த இவர்மேல் ஆத்திரம், கேட்காமலே வயதாகிப்போன அந்த அம்மாமேலும் ஆத்திரம். ஒரு மீனுக்கு இவ்வளவு பாடா.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நோனா வந்தார். என்னையும் பார்க்கவில்லை, அங்கிளையும் பார்க்கவில்லை. அந்தப் பைப் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். கதவைக் காட்டினேன். மனதில் அவ்வளவு காலம் ஊறிய சந்தேகம் ஒரு டின் முள்ளைப் பார்த்துப் போய்விடாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சரிபார்க்க வந்திருந்தார்.

பைப்பைத் திறந்தார். மாடத்தில் இருந்த சவர்க்காரத்தை எடுத்து நனைத்து, இரண்டு கையிலும் நிதானமாகத் தேய்த்தார். பிறகு கைகளை முகத்துக்குக் கொண்டுபோனார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நான் போய் மூடினேன்.

"இதுதான்," என்றார். பிறகு, "மீனைத்தான் சொல்றேன்னு நினைச்சுச் சிரிச்சிருக்கார்," என்றார்.

துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, சவர்க்காரக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். செத்த வீட்டில் அழாத அழுகை எல்லாம் அங்கே அழுதார். முன்னால் யாரோ போட்டோகொப்பிக்குக் கூப்பிட்டார்கள், கடை பூட்டியாச்சு என்று கத்தினேன்.

அழுது முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அங்கிள் கதவோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன், வாயில் வேறுதான் வந்தது.

"நோனா, மீன் பொரிச்சிருக்கு. சாப்பிடுவோமா?"

பொரித்தது நான், சந்தையில் வாங்கிய மீன். மூன்று சோற்றுக் கோப்பை எடுத்து வைத்தேன். நோனா சோற்றைப் பிசைந்தபடி, டொரதி எந்தப் பக்கத்தில் உட்காருவார், மாத்தயா எந்தப் பக்கத்தில் உட்காருவார் என்று கேட்டார். அங்கிள் காட்டினார். நோனா எழுந்து, கோப்பையையும் எடுத்துக்கொண்டு, மாத்தயாவின் கதிரைக்கு மாறி உட்கார்ந்து சாப்பிட்டார்.